செவ்வாய்க்கிழமை உபவாசம்

எனக்கு அழைப்பு வந்தது ஐம்பத்தெட்டாம் ஆண்டு, ஒரு எழுப்புதல் கூட்டத்தில். ஆண்டவருக்காகப் போக யார் ஆயத்தம் என்று பிரசங்கியார் கேட்டார். என் கை தானாக உயர்ந்தது. சபை என்னை முழந்தாளில் இருத்தி, தலையில் கைவைத்துச் செபித்து, ஒரு பழைய சைக்கிளும் தந்து ஊழியத்துக்கு அனுப்பியது.

ஒன்பது வருடம் உழக்கினேன். வீடு வீடாகப் போனேன். மரியாதையாகக் கதிரை தந்தார்கள், சொன்னதையெல்லாம் கேட்டார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை தங்கள் கோயிலுக்குப் போனார்கள். ஒருவரும் மனந்திரும்பவில்லை, ஏரம்புவைத் தவிர.

ஏரம்பு பனை ஏறிக் கள்ளுச் சீவுகிறவர். எங்கள் ஆட்கள் அவரை ‘நீ, வா’ என்றார்கள். நான் ‘நீர், வாரும்’ என்றேன். அதிலே எனக்கு ஒரு பெருமை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பதினொரு மணிபோல் அவர் வீட்டுக்குப் போவேன். வாசலில் பாய் போட்டு இருத்துவார். மனைவி இராசமலர் ஒரு புதுக் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி கொண்டுவருவாள். இன்றைக்கு நான் உபவாசம் என்று சொல்வேன்.

முதல் நாள் அது வாயில் வந்த சாட்டு. பிறகு பழகிவிட்டது. நாங்கள் வெள்ளாளர், வேதக்காரராகி மூன்று தலைமுறை. ஆனாலும் அந்த வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது. அதைச் சாதி என்று நான் நினைக்கவில்லை, கூச்சம் என்று நினைத்தேன். மடையன். செபம் முடிந்து திரும்பும்போது சந்தியில் கதிரவேலுவின் கடையில் இரண்டு வடையும் ஒரு தேத்தண்ணியும் எடுப்பேன். அந்தக் கடையில் ஏரம்புவின் ஆட்களுக்குப் பின்பக்கத்தில், போத்தலில்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். அது பெரிய அநியாயம் என்று நான் கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன்.

மூன்று வருடத்தில் ஏரம்பு விசுவாசித்தார். கள்ளுச் சீவுகிறவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று சொன்னதும் நான்தான். கத்தியையும் கள்ளு முட்டியையும் விற்றுவிட்டு, தோட்டங்களுக்குக் கூலிக்கு நீர் இறைக்கப் போனார். அறுபத்தேழு ஆனியில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஞாயிறு அவருக்கு முதல் திருவிருந்து.

அதற்கு முதல்நாள் போதகர் நோர்மன் என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் திராட்சரசம் குடிக்கிற பாத்திரம் ஒன்றுதான், ஏரம்புவுக்குப் பிறகு அதில் வாய்வைக்கச் சிலர் பின்நிற்பார்கள், சபை உடைந்துபோகும் என்றார். அவரைக் கடைசியாக வரச் சொல்லும்படி கேட்டார். பிழை என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஏரம்புவிடம் போய், முதல் தரம்தானே, கடைசியாக வந்தால் ஆறுதலாக எடுக்கலாம் என்று சொன்னேன். நல்லது ஐயா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழும்பிப் போன பிறகு ஏரம்பு தனியே முழந்தாளிட்டார். வெளுத்த வேட்டி, கண் நிறைய நீர். இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துக் குடித்தார்.

பாத்திரத்தில் மிஞ்சுவதை வீணாக்கக் கூடாது. ஆராதனை முடிந்ததும் போதகரே குடித்து முடிப்பது வழக்கம். அன்று பக்கத்து அறைக்குள் அதை என் கையில் தந்தார்.

“உம்மடை ஆள்தானே, ஐசாக். நீர் குடியும்.”

இரண்டு மிடறு இருக்கும். உதடுவரை கொண்டுபோனேன். ஏலவில்லை. ஆண்டவருடைய எந்த இரத்தத்தைப் பற்றி ஒன்பது வருடம் தொண்டை கிழியப் பிரசங்கித்தேனோ, அதைப் பின்கதவால் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் ஊற்றினேன். நிமிர்ந்தால் ஏரம்பு நிற்கிறார். எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று காத்து நின்றிருக்கிறார். என் கையில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தார், ஈரமான மண்ணைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

அந்த இரண்டு நாளும் நான் நித்திரை கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கமான நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். பாய் போட்டார்கள். தேத்தண்ணி வரவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைத்தான் கேட்டேன்.

“தாகமாய்க் கிடக்கு, இராசமலர். கொஞ்சம் தண்ணி தாரும்.”

அவள் எழும்பவில்லை, புருஷனைப் பார்த்தாள். ஏரம்பு கோபமில்லாமல்தான் கதைத்தார்.

“மூண்டு வரியமா செவ்வாய்க்கிழமையிலை இந்த வீட்டிலை மத்தியானச் சமையல் இல்லை, ஐயா. உங்கடை தேத்தண்ணிக்கு மட்டுந்தான் அடுப்பு மூட்டுறது, ஒருநாளைக்கெண்டாலும் குடிப்பியள் எண்டு. நீங்கள் எங்களுக்காகப் பசி கிடக்கேக்கை நாங்கள் எப்பிடித் தின்னுறது? பிள்ளையளும் பொழுதுபடுமட்டும் பொறுத்துக்கொண்டிருக்குங்கள்.”

உள்ளே பார்த்தேன். பிள்ளைகள் இரண்டும் தலை நிமிராமல் சோறு தின்றுகொண்டிருந்தன.

“இண்டைக்குத்தான் சமைச்சனாங்கள். தண்ணி வேண்டாம், ஐயா. உங்கடை உபவாசத்தை நாங்கள் ஏன் முறிப்பான்?”

நான் எழும்பினேன். செபிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் செபிக்கவில்லை. இனி அவர் எங்கள் கோயில் வாசலை மிதிக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு இப்போது பனையும் இல்லை, பாத்திரமும் இல்லை. இரண்டையும் பறித்தவன் நான். இதற்குத்தானா என்னை அனுப்பினீர் என்று ஆண்டவரிடம் கேட்கவும் எனக்கு முகம் இல்லை.

சந்தியில் கதிரவேலு என்னைக் கண்டதும் கேட்காமலே தேத்தண்ணியும் இரண்டு வடையும் கொண்டுவந்து வைத்தார். தொண்டை வறண்டு கிடந்தது. குடித்தேன்.