எழுதுற ரேட்டு

காகிதத்தில் பிராங்கிளின் பன்னிரண்டு லட்ச ரூபாய்க்குச் சொந்தக்காரன். அந்தக் காகிதத்தைக் காட்டினால் ராயபுரத்தில் ஒரு டீ கிடைக்காது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி பிடித்துக் கொடுக்கும் ஆப் கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் உழைத்தவன் அவன். சம்பள உயர்வு கேட்ட போதெல்லாம் பங்கு கொடுத்தார்கள். "நீங்க ஸ்டாஃப் இல்ல, ஓனர்" என்றார்கள். ஓனர் தினமும் எண்ணூர் நெடுஞ்சாலையில் புழுதி தின்றுகொண்டு, ஆப்பை டவுன்லோடு பண்ணச் சொல்லி டிரைவர்களிடம் கெஞ்சினார். வேலையை விட்டு வந்தபோது இரண்டாயிரம் பங்குகளும் ஓயாத இருமலும் மிஞ்சின.

விற்றால் ஃப்ரீசர் வண்டி வாங்கலாம். திருவொற்றியூர் அருள்பிரகாசம் தன் பழைய வண்டியை எட்டு லட்சத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். காசிமேட்டு மீனைப் பெங்களூருக்கு ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் மாசக் கடைசிக்கு மேல் காத்திருக்க மாட்டார்.

விற்பதுதான் பேஜார். சந்தையில் பட்டியலிடாத கம்பெனி. பட்டனைத் தட்டி விற்க முடியாது. ஆளை நாமே பிடிக்க வேண்டும். ஆளின் பெயரையும் விலையையும் எழுதிக் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒன்று, கம்பெனி சம்மதிக்கும். இல்லையென்றால் அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும். பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பங்கு ஒன்று அறுநூறு ரூபாய். அந்த விலைக்கு விற்க இருநூறு பேர் இருந்தார்கள். வாங்கத்தான் யாரும் இல்லை.

மூன்று வாரம் அலைந்து, தண்டையார்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பக்ருதீன் பாயைப் பிடித்தான்.

"கம்பெனி பெருசாச்சுன்னா?" என்றார் பாய்.

"நீங்க கோடீஸ்வரன், பாய்."

"ஆவலன்னா?"

"ஆபீஸ்ல நாப்பது இரும்பு நாற்காலி கீது."

"அத்த எடை போட்டுப் பாத்துதான் சொல்றேன். பங்குக்கு நானூறு."

எட்டு லட்சம். பிராங்கிளின் அங்கேயே பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நோட்டீஸ் அடிக்க இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் செங்கொடியிடம் போனார்கள். இருபத்திரண்டு வருஷமாக வீட்டு மனைப் பத்திரம் அடிப்பவள். பங்கு விற்கும் பத்திரம் அவளுக்கு அதுதான் முதல். ஆனால் அசரவில்லை. கீபோர்டில் இருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"நெச ரேட்டா, எழுதுற ரேட்டா?"

"எழுதுற ரேட்டு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"எவ்ளோ?"

"நூறு போடுக்கா" என்றான் பிராங்கிளின்.

"மீதி கையில குடுத்துடறேன் நைனா" என்றார் பாய்.

யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அரை கிரவுண்டு வாங்கினாலும் அந்தப் பக்கத்தில் அதுதான் மரியாதை. பத்திரத்தில் உண்மை விலையை எழுதுகிறவனைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

சாதாரண மெயிலுக்கே பதினோரு நாள் கழித்துப் பதில் போடும் கம்பெனி, இந்த நோட்டீஸுக்கு நாற்பது நிமிஷத்தில் பதில் போட்டது. மனைவி டெபோரா போனை வாங்கிப் படித்தாள்.

"வாழ்த்துகள்னு போட்டுகீறாங்க. இன்னாத்துக்கு?"

நீங்கள் குறிப்பிட்டுள்ள நூறு ரூபாய் விலையில் உங்கள் எல்லாப் பங்குகளையும் கம்பெனியே வாங்கிக்கொள்கிறது என்று அடுத்த வரியில் இருந்தது.

பிராங்கிளின் கம்பெனியில் பங்கு விவகாரம் பார்க்கும் நவ்ரீனுக்குப் போன் போட்டான்.

"மேடம், நோட்டீஸ வாபஸ் வாங்கிக்கிறேன்."

"முடியாதுங்க. நீங்க கையெழுத்துப் போட்ட விதிமுறையில பதினாலாம் பக்கம் பாருங்க."

"நெச வெல நானூறு, மேடம்."

"அப்போ நோட்டீஸ்ல இருக்கிறது பொய்யா?" குரலில் கோபமே இல்லை, உதவும் ஆர்வம்தான் இருந்தது. "அதை மட்டும் ஒரு மெயிலா போட்டுடுறீங்களா? வக்கீலுக்கு அனுப்பிடுறேன்."

அவன் போடவில்லை.

செய்தி கேட்ட பாய்க்கு மூச்சு வாங்கியது. "நானூறு குடுக்குறவன் இங்க குந்திகினு கீறேன். நூறு குடுக்குறவன் தூக்கிகினு பூட்டானா?"

"நூறுன்னு நாமதான பாய் எழுதுனோம்."

"எழுதுனா? எழுதுனத அப்டியேவா நம்புவான்? இன்னா கம்பெனிடா அது!"

நாலு வருஷத்தில் ஒரு மாதமாவது ஒன்றாம் தேதி சம்பளம் போட்டிராத கம்பெனி, மறுநாள் காலையிலேயே இரண்டு லட்சத்தைப் போட்டுவிட்டது.

"எட்டுன்னு சொன்ன?" என்றாள் டெபோரா.

"மீதி கையில வர வேண்டியது."

"யார் கையில?"

பிராங்கிளின் செருப்பை மாட்டினான். வெளியே வந்து அருள்பிரகாசத்துக்குப் போன் போட்டு, இரண்டு லட்சம் இப்போது, மீதி மாசாமாசம் என்று இழுத்தான்.

"அதெல்லாம் வேலைக்கு ஆவாதுப்பா. பெரம்பூர்காரர் ஒருத்தர் மொத்தமா தரேன்னு நிக்கிறாரு." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஹெவி லைசன்ஸ் வச்சிகீற இல்ல? அவருக்கு டிரைவர் வேணுமாம். சொல்லட்டா?"

பிராங்கிளின் சுவரில் ஒரு குத்து விட்டான். வலித்தது கைக்குத்தான்.

"மாசம் எவ்ளோனு கேளுண்ணே" என்றான்.