காக்கைக்குக் கணப்பு

என் கணவன் கலெர்வோவுக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, அடுத்தவன் கட்டிய வீடு. இன்னொன்று, திறந்த ஜன்னல்.

எங்கள் வீட்டை அவனே பிரித்து அவனே கட்டினான். அவன் அப்பா காலத்து மரச் சுவருக்கு உட்புறம் குளிர் புகாமலிருக்கக் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, மூலைமுடுக்கெல்லாம் நாடாவால் ஒட்டினான். ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. "இனிமே எறும்பு விடுற மூச்சுகூட உள்ள வராது" என்று குஹ்மோ ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டான். அப்படி அடைத்த வீட்டில் காற்று வர வழி வைத்தாக வேண்டும் என்பது விதி. அதனால் அறைக்கு ஒன்றாக, காப்பிக் கோப்பை அகலத்துக்குச் சுவரில் துளை போட்டு மூடி மாட்டினான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சொந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவன் மாதிரி இருந்தது.

சில குளிர்காலங்கள் போனபின் எனக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. படியேறினால் இளைத்தது, படுத்தால் நெஞ்சு விசிலடித்தது. காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடும். துளை மூடிகளை எல்லாம் நன்றாகத் திறந்து வைப்பேன். போதாமல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் வந்து நிற்பான்.

"ஏன் கெழவி, ஊர்க் காக்காய்க்கெல்லாம் கணப்பு போடுறியா?"

"மூச்சு முட்டுது, கெழவா."

"அதான் செவுத்துல ஓட்டை போட்டு வச்சிருக்கேனே. அதுல வர்ற காத்து பத்தாதா மகாராணிக்கு?"

டாக்டர் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். முதல்ல வீட்டுக் காத்தைப் பாருங்க" என்றார். கலெர்வோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் வீட்டுக்கு வியாதியா? அந்த ஆளு ஆணி அடிச்சிருக்கானா வாழ்க்கையில?"

நான் அவனோடு வாதாடவில்லை. அக்டோபரில் போர்வையைச் சுருட்டிக்கொண்டு முற்றத்துச் சவுனாவுக்கு, அதாவது நீராவிக் குளியலுக்கென்று தனியாக நிற்கும் மரக் குடிசைக்கு, குடிபோனேன். குளியல் அறைக்கு முன்னால் துணி மாற்றும் அறை ஒன்று உண்டு. ஒரு பெஞ்சும் சின்ன அடுப்பும் இருந்தன. பழைய மரக்கட்டை இடுக்கில் காற்று தாராளமாக வந்துபோகும். காது விறைத்தது, ஆனால் விசில் நின்றது. முதுகு நிமிர்த்தி மூச்சு விட்டபோது எனக்கு அழுகை வந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "கலெர்வோ நல்லா இறுக்கமாத்தான் வீடு கட்டியிருக்கான், பொண்டாட்டிகூட உள்ள போக முடியல" என்று கடையில் எவனோ சொன்னான். மறுநாளே, வீட்டில் குறையில்லை என்று நிரூபிக்க, கலெர்வோவே நகராட்சிக்குப் போன் போட்டான்.

ஹென்னா என்ற பெண் வந்தாள். படுக்கையறைத் துளையருகே மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தாள். அசையவில்லை.

"மூடி திறந்திருக்கே, காத்து வரலியே" என்றவள் திருகாணியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டாள். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒன்று வந்தது, விளிம்பில் சிவப்புக் கோடு. அதன் ஜோடி கூடத்துத் துளையில் இருந்தது. சமையலறையில் வேறொரு வருடத்து ஜோடி.

எல்லாம் நான் பின்னியவை. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவனுக்குக் கொடுத்தவை. "நல்லாருக்கு" என்று வாங்கிக்கொள்வான், காலில் பார்த்ததே இல்லை. மீன் பிடிக்கப் போகும்போது போட்டுக்கொள்வான் என்று நினைத்திருந்தேன். அடைபட்ட துளையின் மூடியைத்தான் நான் தினமும் திறந்து வைத்து மூச்சிழுத்திருக்கிறேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹென்னா பீரோவை நகர்த்தினாள். சுவரில் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது.

"உள்ள இருக்கிற ஈரம் எங்கங்க போகும்?" என்று கலெர்வோவைக் கேட்டாள்.

அவன் காலுறையைத் தடவிக்கொண்டே, "நல்ல கம்பளி. வீணாக்கக் கூடாதுன்னுதான்" என்றான்.

அவள் போனபின் வேலையில் இறங்கினான், அதை மறைக்க மாட்டேன். பலகையைப் பிரித்து, ஈரப் பஞ்சை எறிந்து, புதிது வைத்தான். துளைகளைத் துடைத்தான். ஒரு நாள் சவுனா வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பண்டிகைக்கு வந்துடு மிர்யா. ஒத்தையா உக்காந்து பன்றித்தொடை தின்ன முடியாது."

நானும் மடைச்சி, போனேன். சவுனாவில் உட்கார்ந்து பின்னிய ஜோடி ஒன்றையும் கொண்டுபோனேன். சிவப்பு நூல் தீர்ந்துவிட்டதால் இந்தமுறை நீலக் கோடு. அவன் அங்கேயே காலில் மாட்டி நடந்து காட்டினான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பண்டிகை முழுக்க ஒரு இருமல் இல்லை.

ஜனவரியில் குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டியது. ஒரு காலையில் காப்பி போடும்போது நெஞ்சில் அந்த விசில் கேட்டது. கலெர்வோ மேசையில் கறுப்பு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். வெறும் கால்.

நான் படுக்கையறைக்குப் போய்த் துளைக்கு நேரே காகிதத்தைப் பிடித்தேன். தொங்கிக்கொண்டிருந்தது. திருகாணியைக் கழற்றினேன். நீலக் கோடு. இன்னொன்று கூடத்தில்.

இரண்டையும் உதறி, நாற்காலியில் உட்கார்ந்து, என் காலில் மாட்டிக்கொண்டேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"குளிர் விட்டதும் எடுத்திருப்பேன் மிர்யா. ஆணையா."

"நான் இருமினது கேக்கலையா உனக்கு?"

"கேட்டுது. ஆனா வெளிய எப்படி அடிக்குதுன்னு பாரு."

பூட்ஸையும் கோட்டையும் மாட்டிக்கொண்டு வாசல் கதவைத் திறந்தேன். பின்னால் நாற்காலி நகர்ந்தது. எழுந்து வந்து கையைப் பிடிப்பான் என்று ஒரு நிமிஷம் நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"போறதுன்னா கதவைச் சாத்திட்டுப் போ" என்றான். "சூடெல்லாம் வெளிய போகுது."

நான் சாத்தவில்லை.