றெசிப்பிசேயின் நகங்கள்

படுக்கை விரிப்பில் இரத்தத்தை முதலில் கண்டது அம்மா. அப்பா அதன்மேல் இருந்தபடி தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வலது குதிக்காலில் மூன்று கீறல்கள். ஒன்று ஆழம்.

"பூனை விறாண்டினது கூடத் தெரியாமல் என்னப்பா இருக்கிறியள்?"

"அது எனக்குச் சொல்லிப்போட்டே விறாண்டுது?"

அவருக்குத் தெரியாது. சீனி வருத்தம் அந்தக் காலின் உணர்வை எப்போதோ தின்றுவிட்டது. இரண்டு விரல்களை மூன்று வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். இன்னொரு புண் வந்தால் பாதமே போகும் என்று சொல்லியிருந்தார்கள். எனவே, பூனை எங்களோடு இருக்கலாமா, அப்பாவின் கால் தப்புமா என்பதே வீட்டில் கேள்வியாக இருந்தது.

என்னோடு வேலை செய்த லூடோவிக் மூன்று மாதம் பார்க்கச் சொல்லி விட்டுப்போன பூனை அது. அவன் திரும்பி வரவில்லை. அகதி வழக்கு முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துத் தரும் தற்காலிகக் கடுதாசிக்கு இங்கே, பிரான்சில், றெசிப்பிசே என்று பெயர். அப்பா ஒன்பது வருடம் அதோடு வாழ்ந்தவர். பூனைக்கும் அந்தப் பெயரையே வைத்தார். லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் நின்றவர், விரல்கள் போனபிறகு வீட்டோடு. அம்மா அலுவலகங்கள் துப்பரவாக்கப் போய்விடுவார். நான் றுவாசி விமான நிலையத்தில் இரவு முழுக்கப் பொதி பிரித்துவிட்டுப் பகலில் தூங்குவேன். அப்பா பேசுவது பூனையோடுதான்.

ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா தொலைபேசியில் வழி சொன்னார். "நகத்தை எடுத்துவிடுங்கோவன். எங்கடை பக்கத்து வீட்டுக்காரி செய்விச்சவள். ஒரு நாள் வேலை. இப்ப அந்தப் பூனை பஞ்சு மாதிரி."

கனடாவில் நடப்பது எதுவும் பிரான்சிலும் நடக்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. மருந்துக் குளிசையிலிருந்து கலியாணம்வரை சின்னம்மாவைக் கேட்டுத்தான் செய்திருக்கிறோம். பூனையைச் சாமான் வாங்கும் சில்லுப் பைக்குள் இருத்தி, லா சப்பல் சந்தியைத் தாண்டி, மிருக வைத்தியரிடம் போனோம். நான் வேலையால் வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை.

வைத்தியர் இளம்பெண். ஆனைஸ் என்று சட்டையில் எழுதியிருந்தது. நான் கேட்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, பூனையின் பாதத்தைப் பிடித்துக்காட்டி நெடுநேரம் பேசினார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"ஏலாதாம். இஞ்சை சட்டம் விடாதாம்."

"அவ இவ்வளவு நேரம் கதைச்சவ. நீ ரெண்டு சொல்லுச் சொல்லுறாய்."

"அவ்வளவுதானப்பா."

"முழுசாச் சொல்லு."

எட்டு வயதிலிருந்து இது என் வேலை. விசா தரும் பிறெபெக்சர், வங்கி, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அவர்கள் நீளமாகச் சொல்வார்கள். நான் கட்டையாகச் சொல்வேன். அலுப்பும் இருந்தது, இரக்கமும் இருந்தது. எது கூட என்று தெரியாது.

சொன்னேன். பூனையின் நகம் எங்கள் நகம் மாதிரி இல்லை, எலும்பிலிருந்து முளைக்கிறது. நகத்தை எடுப்பதென்றால் ஒவ்வொரு விரலிலும் கடைசி மூட்டோடு வெட்டவேண்டும்.

"மூட்டோடையோ?"

"ஓம்."

"பிறகு நடக்குமோ?"

"நடக்குமாம். சிலதுக்குச் சாகும்வரைக்கும் நோகுமாம். நகம் இல்லாத பயத்திலை கடிக்கப் பழகுமாம்."

அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் செய்யேக்கை நீ என்ன சொன்னனீ?"

எனக்கு நினைவிருந்தது. அழுகினதைத் துப்பரவாக்கப் போகிறார்களாம் என்று சொன்னேன். சத்திரசிகிச்சை வைத்தியர் விரல்களை எடுப்போம் என்று இரண்டு தரம் சொல்லியிருந்தார். அப்பா என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார். கட்டு அவிழ்த்த அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அன்று ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வருடமாகக் கேட்கவில்லை.

"நீங்கள் பயந்திடுவியள் எண்டுதான்..."

"பயந்திருப்பன். பயந்துபோட்டுக் கையெழுத்து வைச்சிருப்பன்."

வைத்தியர் என்ன பிரச்சினை என்று என்னிடம் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அதன்பிறகு வேறு என்ன வழி இருக்கிறது என்று அப்பா கேட்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் முழுதாக மொழிபெயர்த்தேன். இரண்டு கிழமைக்கு ஒருதரம் நுனியை வெட்டலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் கயிறு சுற்றிய கட்டை ஒன்று நட்டால் அதில் விறாண்டும். நகத்துக்கு மேல் ஒட்டும் மெல்லிய உறைகள் இருக்கின்றன. படுக்கமுன் விளையாட்டுக் காட்டிக் களைக்கவைக்கலாம். அறைக் கதவைச் சாத்தலாம். வைத்தியர் பாதத்தை மெல்ல அமத்த, நகம் வெளியே வந்தது. உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது சதை, அதற்கு இப்பால்தான் வெட்டவேண்டும். அப்பா குனிந்து பார்த்தார். தானும் ஒருதரம் அமத்திப் பார்த்தார்.

உறைகளைப் பூனை இரண்டு நாளில் கடித்துத் துப்பியது. ஒன்று அம்மாவின் சோற்றுக் கோப்பைக்குள் கிடந்தது. "இனி இதையும் தின்னச் சொல்லுறியளோ?" என்றார் அம்மா. கதவைச் சாத்தினால் பூனை கத்தும். அப்பாவே எழும்பித் திறந்துவிடுவார். கயிற்றுக் கட்டை பூனைக்குப் பிடித்துக்கொண்டது. நகம் வெட்டுவதும் சரிவந்தது. அப்பாவுக்குக் கண் மங்கல், அதனால் அவர் மடியில் பிடிப்பார், நான் வெட்டுவேன். ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு. ஆறு கிழமை காலில் ஒரு கீறல் இல்லை.

நத்தார் பண்டிகைக்கு முன் பொதிகள் மலையாகக் குவிந்தன. மேலதிக நேரம் கேட்டார்கள், செய்தேன். ஒரு ஞாயிறு தூங்கிவிட்டேன். அப்பா கதவில் வந்து நின்றார்.

"தம்பி, இண்டைக்கு நகம்..."

"நாளைக்கு அப்பா."

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த செவ்வாய், வீட்டுக்கு வரும் தாதி சப்பாத்தைக் கழற்றி, காலைப் பார்த்து, படம் எடுத்தார். கீறலைச் சுற்றிக் கறுத்திருந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. "பூனையை ஆருக்கும் குடுப்பம்," என்று மட்டும் சொன்னார்.

சென் தெனியில் சவரியம்மாள் இருந்தார். புதுச்சேரிக்காரர், அஞ்சல் அலுவலகத்தில் ஓய்வுபெற்றவர், ஏற்கனவே ஒரு பூனை வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் சில்லுப் பைக்குள் கையை விட்டார்.

"வாடா செல்லம்! கவலப்படாதீங்க முசியே, நா பாத்துக்குறேன்."

அப்பா அவருக்கு எல்லாம் சொன்னார். எத்தனை நாளுக்கு ஒருதரம் வெட்டவேண்டும், எந்த இடத்தோடு நிறுத்தவேண்டும், எந்தக் கால் கூச்சம், எப்போது கடிக்கும். ஒன்றையும் விடவில்லை.

"நகத்தை எடுக்கச் சொல்லி ஆரும் சொன்னால் கேளாதேங்கோ."

"அய்யோ, அந்தப் பாவத்த யாரு செய்வா?"

"நாங்கள் கேட்டனாங்கள்," என்றார் அப்பா.

திரும்பி வரும்போது நான் இழுத்த பை வெறுமையாக இருந்தது.

தையில், அந்தக் காலைப் பார்க்க ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். பெயரைச் சொன்னதும் நானும் எழும்பினேன்.

"நீ இரு," என்றார் அப்பா. "போனிலை தமிழிலை சொல்லுற ஒராளைப் பிடிச்சுத் தருவினமாம். சவரியம்மாளைக் கொண்டு கேட்டு வைச்சனான்."

கதவு சாத்தப்பட்டது. அரைமணித்தியாலம் இருந்தேன். வெளியே வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"வீட்டை போய்க் கதைப்பம்."

வீட்டுக்கு வந்தும் கதைக்கவில்லை. கொண்டுவந்த கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். உறை ஒட்டப்படவில்லை. இந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் கேட்கவில்லை. நான் எடுக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டார் என்பது மட்டும் உறைக்கு வெளியே நீட்டியிருந்த தாளின் அடியில் தெரிந்தது.