வாய் மூடிய மூன்று

வீட்டில் அவளுக்கு எழுத்துக்காரி என்று பெயர். கதை எழுதுகிறவளோ என்று யாராவது ஆவலாக விசாரித்தால் அக்காதான் விளக்குவாள். "அதெல்லாம் இல்லீங்க. எழுத்தோட உருவத்தை வரையுறா. கம்ப்யூட்டர்ல வருதே, அந்த எழுத்துரு." கேட்டவர்களுக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றாது.

இரண்டு வருடமாக அவள் ஒரே ஓர் எழுத்துருவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலைப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் மட்டுமே ஆன தடித்த எழுத்து. ஒவ்வொன்றின் முனையிலும் செங்கல்லை ஒட்டவைத்த மாதிரி சதுரமான கால். பத்தி பத்தியாகப் படித்தால் கண் வலிக்கும். பெரிதாகத் தெருவில் மாட்டினால் போகிறவனை நிறுத்தும். ஒரு பேருந்து நிறுவனம் தன் இருநூறு வண்டிகளின் நெற்றிப் பலகைக்கும் அதை எடுத்துக்கொள்ள ஏறக்குறைய சம்மதித்துவிட்டது. ஒரு பணிமனையின் வண்டிகளில் ஒரு வாரம் மாட்டிப் பார்ப்பது, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவது என்று பேச்சு. கிடைக்காவிட்டால் அவள் மறுபடி சோப்பு உறைக்கு எழுத்துப் போடப் போகவேண்டியதுதான்.

அவளுக்கு நம்பிக்கை இருந்தது. ஏனென்றால் அக்காவை வைத்துச் சோதித்திருந்தாள். தையல் கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்குக் கிட்டத்துப் பார்வை ஊசியில் நூல் கோர்க்கும். தூரத்தில் எல்லாமே மங்கல். கண்ணாடி போட்டால் முகம் கெட்டுவிடும் என்று இருபது வருடமாக ஒரே பிடிவாதம். அச்சடித்த தாளை அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் நடைபாதைக் கோடியில் ஒட்டி, மறுகோடியில் அக்காவை நிறுத்தினாள். அக்கா ஒன்று முதல் ஒன்பதுவரை தப்பில்லாமல் கடகடவென்று சொன்னாள். அக்காவே படித்துவிட்டால் பிறகு யாருக்குத்தான் தெரியாது?

புதன்கிழமை, தன் எழுத்து ஓடுகிற அழகைப் பார்க்கப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். பெருமை அடித்துக்கொள்ள யாராவது வேண்டுமே. எட்டாம் எண் வண்டி ஓட்டுநரிடம் போய், பலகை நான் வரைந்ததுதான் என்றாள்.

"நீங்கதானா அது?" என்றார் அவர். "இதை மாட்டினதிலேருந்து ஒரு அம்மா தினமும் மூணாம் நம்பர்னு நினைச்சு இதுல ஏறுறாங்க. அடுத்த ஸ்டாப்ல தலையில அடிச்சுக்கிட்டு இறங்குறாங்க. தையல்காரங்க போல, தோள்ல ஊசி குத்தியிருக்கும். அவங்க மட்டும்னு இல்ல, நாலஞ்சு பேரு."

தோளில் ஊசி என்றதுமே அது அக்கா என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சாலைக்கு எதிர்ப்புறம் ஓடி, பின்வாங்கிப் பின்வாங்கி நின்று, மூன்றாம் எண் வண்டியின் பலகையைப் பார்த்தாள். மூன்றின் இரண்டு முனைகளிலும் அவள் ஆசை ஆசையாக வைத்த கனத்த கால்கள், பலகைக்குப் பின்னாலிருந்து விளக்கு அடித்ததும் நடுக்காலோடு போய் ஒட்டிக்கொண்டன. மூன்று வாயை மூடிக்கொண்டு எட்டாக நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் எது மூன்று, எது எட்டு என்றே தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"தினமும் தப்பு பஸ்ல ஏறுறியாமே?"

அக்கா பையை மெதுவாக வைத்தாள். "யார் சொன்னது?"

"அன்னிக்கு எல்லாத்தையும் படிச்சியே!"

"நீ ஒண்ணுலேருந்து வரிசையாத்தானே அடிச்சிருந்தே? எனக்கு எண்ணத் தெரியாதா?"

எழுத்துக்காரியின் தொழிலில் மாதிரித்தாள் என்றால் எண்களை வரிசையாகத்தான் அச்சடிப்பார்கள். அதைக் கலைத்து ஒட்டவேண்டும் என்று இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

மூன்று நாளும் தாமதமாக வந்தாள் என்று தையல் கூடத்தில் அக்காவை இயந்திரத்திலிருந்து எழுப்பிப் பொத்தான் தைக்க உட்கார வைத்துவிட்டார்கள். அதுவும் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சமாளிச்சிடலாம்னு பார்த்தேன்," என்றாள் அக்கா. "நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே. நான் வேணா கண்ணாடி போட்டுக்கறேன்."

இருபது வருடமாக யார் சொல்லியும் கேட்காதவள். எழுத்துக்காரிக்குக் கோபம் வந்த வேகத்தில் அழுகை வந்துவிட்டது. அக்கா கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். ஓட்டுநர் சொன்ன மற்ற நாலைந்து பேருக்கு என்ன வழி?

மறுநாள் காலை பேருந்து நிறுவன மேலாளரைத் தொலைபேசியில் பிடித்து, மூன்றில் தப்பு இருக்கிறது என்று சொன்னாள்.

"உங்க சரக்கை நீங்களே குறை சொன்னா நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?" என்றார் அவர். வேறொரு கம்பெனியும் கேட்டுக்கொண்டிருக்கிறதாம். இனி இரண்டையும் ஒரு மாதம் மாட்டிப் பார்த்துத்தான் முடிவாம். கைக்கு எட்டிய வேலை, தன் வாயாலேயே போட்டிக்குப் போய்விட்டது. போனால் போகட்டும் என்று உட்கார்ந்து, மூன்றின் கால்களைப் பாதியாக வெட்டினாள். வாய் திறந்தது. அழகு போயே போய்விட்டது.

சாயங்காலம் எண்களை இஷ்டத்துக்குக் கலைத்து ஒட்டிவிட்டு, அக்காவை மறுகோடியில் நிறுத்தினாள்.

"தெரியுதாக்கா?"

அக்கா கண்ணை இடுக்கினாள். "ஏழு... மூணு. பல்லு போன மூணு மாதிரி அசிங்கமா இருக்கு, ஆனா மூணுதான். அடுத்தது எட்டு. அந்தக் கடைசி, ஆறா எட்டான்னு எனக்குப் புரியல. ஒண்ணுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கால்?"

"இதெல்லாம் ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?"

"இத்தனை நாளா நீ நல்லா இருக்கான்னுதானே கேட்டே?" என்றாள் அக்கா.