துரைக்கு ஓர் உத்தரவு

ஓட்டல் வாசலில் கதவு திறந்துவிடுவதுதான் அவருக்கு வேலை. தலை நரைக்கும்வரை அவர் பேசிய இங்கிலீஷெல்லாம் குழைகிற இங்கிலீஷ்: 'ப்ளீஸ் கம் இன் சார்', 'கைண்ட்லி வெயிட் மேடம்'. அதட்டுகிற இங்கிலீஷ் அவர் காதில் விழுந்திருக்கிறதே தவிர வாயில் வந்ததில்லை.

வீட்டு நாய்க்கோ அதட்டுகிற இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். மகள் அப்படிப் பழக்கியிருந்தாள். தமிழில் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. 'சிட்' என்றால் பொத்தென்று உட்காரும். அதனாலேயே துரை என்று பேர். ஒருநாள் அவர் 'ப்ளீஸ் கம்' என்று கூப்பிட, மகள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"அப்பா, அது என்ன உங்க முதலாளியா? கெஞ்சாதீங்க. அதிகாரமா ஒரே வார்த்தை, அவ்வளவுதான்."

போன வாரம் வேலைக்குக் கிளம்பும்போது, கேட்டருகே துரையிடம் 'ஸ்டே' என்றாள். மாலையில் அவள் வந்து 'கம்' என்றால்தான் அது எழும். அன்று வழியில் லாரி மோதியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேராக இடுகாட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள்.

துரை கேட்டைவிட்டு அசையவில்லை. மழையில் நனைந்தது. தட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. தூக்கிவந்து உள்ளே விட்டாலும் தள்ளாடிக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்தது. கால்நடை டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"இப்படியே பட்டினி கெடந்தா தாங்காதுங்க."

மகளும் போய், அவள் வளர்த்ததும் போவதா?

அன்று மாலை அவர் படியில் நின்று கூப்பிட்டார். "ப்ளீஸ் கம், துரை." காது ஆடியது, அவ்வளவுதான். "கைண்ட்லி கம்." பாழாய்ப்போன நாக்கு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் ஓட்டல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு ஓர் அதட்டு அதட்டினார்.

"கம்!"

துரை எழுந்தது. கால் நடுங்க நடந்துவந்து, படியிலிருந்த தட்டில் வாயை வைத்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இங்க வந்து பாரேன், சாப்பிடுது!"

இத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லாக இருந்த மனைவி வெளியே வந்தாள். அவள் நாயைப் பார்க்கவில்லை. ஆளில்லாத கேட்டைப் பார்த்தாள்.

"அவ வருவான்னு அது ஒண்ணாவது உக்காந்திருந்துச்சு. அதையும் உள்ள கூப்பிட்டுட்டீங்களே" என்று வாய்விட்டு அழத் தொடங்கினாள்.