கலக்காத தட்டு

காய்ச்சல் வந்து போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. டைல்ஸ்காரரின் மனைவிக்கு உடம்பு தேறிவிட்டது, மூக்கைத் தவிர. முகர்ந்தால் சோப்பும் ஒன்றுதான், ரோஜாவும் ஒன்றுதான். ரொட்டிக் கடையில் அடுப்படியில் வேலை பார்த்தவள் அவள். எந்தத் தட்டை எப்போது வெளியே இழுக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்க்காமல் மூக்காலேயே சொல்லிவிடுவாள். இரண்டு முறை ரொட்டி கரிந்துபோன பிறகு முதலாளி அவளைப் பொட்டலம் கட்டும் மேசைக்கு மாற்றினார். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அதுதான் அவளை இன்னும் அதிகமாகச் சுட்டது.

வீட்டில் அவள் சாப்பிடும் அழகை டைல்ஸ்காரரால் பார்க்க முடியவில்லை. நாலு வாய் கொறித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள்.

"எல்லாம் ஒண்ணாக் குழைஞ்சு, ஈர அட்டையை மெல்லற மாதிரி இருக்குங்க" என்பாள்.

தானாக வரும், பொறுமையாக இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொறுமை அவளிடம் நிறைய இருந்தது. அவரிடம்தான் இல்லை.

அந்த வாரம் அவர் ஒரு டீச்சர் வீட்டுச் சமையலறையில் சுவர் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார். மதியம் டீச்சர் அவருக்கும் ஒரு தட்டு நீட்டினார். லெட்யூஸ் இலைமேல் உருளைக்கிழங்கு ஒரு பக்கம், பச்சை பீன்ஸ் ஒரு பக்கம், தக்காளி, அவித்த முட்டை, டின்னில் வரும் சூரை மீன், கறுப்பு ஆலிவ், எண்ணெயில் ஊறிய உப்பு நெத்திலி. ஒன்றோடொன்று ஒட்டாமல், அததற்கு ஓர் இடம்.

"நிசுவாஸ் சாலட். பிரெஞ்சுக்காரங்க செய்யறது. கலக்கிடாதீங்க, ஒவ்வொண்ணாச் சாப்பிடணும்" என்றார் டீச்சர்.

பீன்ஸ் பல்லில் நறுக்கென்றது. கிழங்கு மாவாகக் கரைந்தது. தக்காளி ஜில்லென்று உடைந்தது. டைல்ஸ்காரருக்கு மனைவியின் ஈர அட்டை ஞாபகம் வந்தது. வாசனை தெரியாவிட்டால் என்ன, பல்லும் நாக்கும் இருக்கிறதே. டைல்ஸ் பெட்டியின் அட்டையைக் கிழித்து, காதில் செருகியிருந்த பென்சிலால் டீச்சர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மதியம் வரை வேலை. அவள் படியிறங்கியதும் அவர் அடுப்பைப் பற்றவைத்தார். சாமான் வாங்கி வரச் சொல்லியிருந்த மச்சான், அவளுடைய தம்பி, பையோடு வந்து சேர்ந்தான். சைக்கிள் பழுது பார்ப்பவன். உதவிக்கென்று வந்துவிட்டு, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாதவன்.

முதல் தவணை பீன்ஸ் மச்சானின் பேச்சில் குழைந்துபோனது. டைல்ஸ்காரர் அதை அவன் முன்னால் வைத்துவிட்டு, மறுபடி தண்ணீர் கொதிக்கவைத்தார். இந்த முறை அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்கே நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில் போட்டார். பச்சை அப்படியே நின்றது. கிழங்கைச் சூடாக இருக்கும்போதே வில்லைகளாக அரிந்து, வினிகரும் ஆலிவ் எண்ணெயும் கடுகு விழுதும் அடித்த கலவையில் கொஞ்சம் தெளித்தார். சூட்டில் அது உள்ளே இறங்கும் என்று அட்டையில் இருந்தது.

பிறகு பெரிய தட்டை எடுத்தார். அதுவரை தடுமாறிய கை இப்போது நிதானத்துக்கு வந்தது. முட்டையை ஓரத்தில் வைத்தார், எட்ட நின்று பார்த்தார், எடுத்தார், நடுவில் வைத்தார்.

"மாமா, பசிக்குது. இது என்ன குளியலறைத் தரையா? நான் ஒரு கிளறு கிளறிடறேனே" என்று மச்சான் கரண்டியோடு எழுந்தான்.

"கரண்டி தட்டுல பட்டுச்சு, உனக்குச் சோறு கிடையாது."

மச்சான் கரண்டியைக் கீழே வைத்தான்.

அவள் வந்தபோது மணி ஒன்றரை. செருப்பைக் கழற்றியவள் மேசையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"சாப்பிடறதுக்கா, சுவத்துல ஒட்டறதுக்கா?"

"உக்காரு. ஒவ்வொண்ணா எடு" என்றார் அவர்.

முதலில் பீன்ஸ். நறுக்கென்ற சத்தம் மேசை முழுக்கக் கேட்டது. இன்னொன்று எடுத்தாள். பிறகு கிழங்கு, பிறகு தக்காளி. கண்ணை மூடிக்கொண்டு, "இது வழவழன்னு இருக்கு, முட்டை வெள்ளை. இது பொடிப்பொடியா உதிருது, மஞ்சள் கரு" என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே போனாள். வினிகர் மூக்கில் சுரீரென்று ஏறியது. "இது வெறும் எரிச்சல். வாசனை இல்ல. டாக்டர் சொல்லியிருக்காரு" என்று தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தட்டைத் தள்ளவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டதை டைல்ஸ்காரர் பார்த்தார். அதுவே போதும் என்றிருந்தது அவருக்கு.

நெத்திலியை வாயில் போட்டவள் மெல்லுவதை நிறுத்தினாள். மச்சான் பயந்துபோய், "முள்ளா அக்கா?" என்றான்.

அவள் இன்னொரு நெத்திலியை விரலில் எடுத்து மூக்கருகே வைத்து மெல்ல மூச்சை இழுத்தாள்.

"நாறுது" என்றாள்.

"புதுசுதான் அக்கா, தேதி பார்த்துத்தான் வாங்கினேன்."

"டேய், நாறுதுடா. மீன் நாத்தம். எனக்குத் தெரியுது." அவள் குரல் உடைந்தது. அடுத்த நொடியே சிரித்தாள், சிரித்தபடி அழுதாள், நெத்திலி வந்த காலி டின்னைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். உலகத்தில் எந்த அத்தரையும் யாரும் அப்படி முகர்ந்திருக்க மாட்டார்கள். டைல்ஸ்காரர் என்ன செய்வதென்று தெரியாமல், மிச்சமிருந்த நெத்திலி அத்தனையையும் அவள் பக்கம் ஒதுக்கினார்.

அதற்குமேல் அவள் மேசையில் தங்கவில்லை. வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து எடுத்து முகர்ந்தாள். சோப்பு வரவில்லை. வெங்காயம் வரவில்லை. ஆலிவ் எண்ணெய், தூரத்தில் யாரோ கூப்பிடுவதுபோல, கொஞ்சம் வந்தது. தம்பியின் காலுறை நன்றாகவே வந்தது. அவன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

தட்டில் தேங்கிய கலவையைத் துடைத்துச் சாப்பிட ரொட்டி வேண்டுமென்று அவனைக் கடைக்கு விரட்டினாள். அவன் முணுமுணுத்தபடி படியிறங்கும் சத்தம் அடங்கியதும், கணவரின் சட்டைத் தோளில் முகத்தைப் புதைத்து மூச்சை நீள இழுத்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

"உங்க மேல இன்னும் ஒண்ணும் வரல" என்றாள் அவள். "நாளைக்குப் பார்க்கலாம்."