நாலாவது மாடியில் வேகிறவன்

மணி இரண்டு இருபது. இன்னும் நாற்பது நிமிடம்தான்.

பரத் மேஜைக்கடியில் மண்டியிட்டு, குப்பைக்கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். கைக்கு வந்த தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். இது இல்லை. இதுவும் இல்லை.

“சார், பசின்னா சொல்லுங்க. டப்பாவுல ரெண்டு சப்பாத்தி மிச்சம் இருக்கு.”

பரத் திடுக்கிட்டு நிமிர்ந்ததில் மண்டை மேஜையில் மோதியது. கூடைக்குச் சொந்தக்காரி ஆஞ்சலா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். தினமும் சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி இந்த நாலாவது மாடிக்கு வேலைக்கு வருகிறவள்.

“இதை எழுதினது யாரு ஆஞ்சலா?” சட்டைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினான் பரத்.

ஆஞ்சலா வாய்விட்டுப் படித்தாள். “‘ஐயா, இந்தக் கட்டடத்தில் பிற்பகலில் பென்சிலுக்குக்கூட வேர்க்கிறது. நேற்று மூன்று மணிக்கு முப்பத்து நான்கு புள்ளி ஆறு டிகிரி. வந்து பாருங்கள். இப்படிக்கு, நாலாவது மாடியில் வேகிறவன்.’ அய்யோ, சூப்பரா எழுதியிருக்கான் சார்!”

“நீதானா?”

“நானா? எனக்கு வேர்க்குதுன்னு தெரியும். எத்தனை புள்ளின்னு எனக்கெப்படித் தெரியும்?”

நியாயம்தான். வேர்த்து விறுவிறுக்கிறவன் எவனாவது தசமம் போடுவானா? அந்தப் புள்ளி ஆறு பரத்தைக் காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்தது. தாளை வைத்துப் பிடிக்கலாம் என்றால் அதிலும் மண். கையெழுத்துக்கும் வழியில்லாமல், அச்சாகி வீணான தாளின் பின்பக்கத்தில் டைப் அடித்திருந்தான் பாவி. இந்தக் கட்டடத்தில் எல்லாரும் அதில்தான் எழுத வேண்டும். அது மேடத்தின் உத்தரவு.

மேடம் என்றால் பாகீரதி. பசுமைக் கட்டடம் என்று பெங்களூரில் யாராவது வாயெடுத்தால் அடுத்த வார்த்தை அந்தப் பெயர்தான். இருபத்தேழு வருடம் முன்பு கைப்பைக்குள் சூளையில் சுடாத ஒரு மண்கல்லைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறியவர். “மண்சுவர் மாமி வந்துட்டாங்க” என்று பியூன்கள் கேலி செய்தார்கள். ஒரு அதிகாரி அந்தக் கல்லைக் காகிதம் பறக்காமலிருக்கத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். மாமி அடுத்த வாரம் இன்னொரு கல்லோடு போனார். இன்று நூற்று நாற்பது கட்டடங்கள் அவர் கணக்கில். அதில் மகுடம் இந்த ஐந்து மாடி. வாசலில் பசுமைக் கட்டட மன்றத்தின் பிளாட்டினம் பலகை பளபளத்தது. ஏ.சி. கிடையாது, ஜன்னலுக்குத் திரை கிடையாது. எல்லாம் இயற்கை.

அந்த மன்றத்துக்கு இன்று மாலை ஆறு மணிக்குத் தேசியத் தலைவர் தேர்தல். பாகீரதி வேட்பாளர். மனுவை எழுதிக் கொடுத்ததே பதினோரு வருடமாக அவரிடம் இன்ஜினியராக இருக்கும் பரத்தான். மன்றத்தின் விதிப்படி மூன்று மொட்டைக் கடிதம் வந்தால் ஆய்வாளர் வந்தாக வேண்டும். புகார் நிஜமென்றால் பலகை இறங்கும். பலகை இறங்கினால் மனு செல்லாது.

மன்றம் அனுப்பிய மூன்றாவது கடிதத்தின் நகல்தான் பரத்தின் சட்டைப்பையில் இருந்தது. ஆய்வாளர் வருவது மூன்று மணிக்கு.

மணி இரண்டரை. கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் உள்ளே நடந்து வந்து முதல் வரிசை மேஜைகளில் ஏறியது. ‘டப்’ என்று ஒரு சத்தம். இன்னொரு ‘டப்’. பரத் திரும்பிப் பார்த்தான். ஐந்து பேர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன இது?”

“எதிர் பில்டிங் சார்” என்றாள் ஆஞ்சலா, பூப்போட்ட குடையை விரித்தபடி. “அங்க பூரா கண்ணாடி. வெயில் அதுல பட்டு இங்க அடிக்குதாம். ஓனர் சார் சொன்னாரு.”

பரத்தின் மூளையில் மின்னல் வெட்டியது. எதிர்க் கட்டடம்! அங்கே இருப்பது போட்டிக் கட்டட நிறுவனம்; அவர்களுக்கு மேடத்தைக் கண்டாலே ஆகாது. புள்ளி ஆறு வரை அளக்கத் தெரிந்த ஆட்களும் அங்கே உண்டு.

லிப்ட் மணி அடித்தது. ஆறு குடையும் ஒரே நொடியில் மடங்கி மேஜைக்கடியில் போயின. கதர்ப் புடவையில் பாகீரதி வந்தார்.

“எப்படி இருக்கு எல்லாருக்கும்?”

“ஊட்டி மேடம்!” என்றார்கள் ஆறு பேரும், நெற்றியில் வழிந்ததைத் துடைக்காமல்.

பாகீரதி ஆஞ்சலாவிடம் தன் கைக்குட்டையை நீட்டினார். “ஊட்டியில மழை போலிருக்கே.”

பரத் அவரை ஓரமாக அழைத்துப் போனான். “மேடம், ஆளை மோப்பம் பிடிச்சிட்டேன். கவலைப்படாதீங்க. லெட்டர் பொய்னு நிரூபிச்சிடறேன்.”

“பொய்யா இல்லேன்னா?”

“உங்க பில்டிங், மேடம்!” அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பதுபோல் சொன்னான். பாகீரதி பெருமூச்சு விட்டார்.

சரியாக மூன்றுக்கு ஆய்வாளர் டீனா வந்தாள். பிரேசர் டவுன்காரி, சிரிப்புக்குச் செலவு செய்யாதவள். அவள் பின்னாலேயே கட்டட உரிமையாளர் அருண்குமார். டீனா கருவியை மேஜைமேல் வைத்தாள். முப்பத்து நான்கைத் தாண்டி ஏறியது எண்.

“எதிர் பில்டிங் கண்ணாடி!” என்றார் அருண்குமார் அவசரமாக. “மேடம் பில்டிங்ல தப்பு வருமா?”

“எழுதினது யாருன்னு தெரியணும் சார்” என்றாள் டீனா. “இங்க வேலை செய்யறவங்களோ, இதைக் கட்டினவங்களோ எழுதினாத்தான் புகார் செல்லும். வெளியாள்னா இப்பவே ஃபைலை மூடிடுவேன்.”

பரத் தொண்டையைச் செருமினான். பதினோரு வருட விசுவாசமும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது. “வெளியாள்தான் மேடம். எதிர் பில்டிங் ஆளுங்க. தேர்தல் நேரம் பார்த்துக் கிளப்பிவிட்ட வேலை. டிகிரியில தசமம் வரைக்கும் இருக்கு பாருங்க. இது எக்ஸ்பர்ட் கை!”

அருண்குமார் கைதட்டினார். டீனா ஃபைலை மூடினாள். “அப்படின்னா புகார் தள்ளுபடி. ஆல் தி பெஸ்ட், மேடம்.”

“எக்ஸ்பர்ட் கைதான்” என்றார் பாகீரதி. “மூணையும் எழுதினது நான்.”

குடைக்காரர்கள் ஆறு பேரும் தட்டுவதை நிறுத்தினார்கள்.

“மேடம்…” என்றான் பரத்.

“வேற வழி? ஓனர் இவர்கிட்ட நேரா சொன்னேன், சுவரை மாத்தணும்னு. ‘என்ன தன்னடக்கம்!’னு சால்வை போட்டார். மேடையில தப்பு பண்ணிட்டேன்னு சொன்னேன், எழுந்து நின்னு கைதட்டினாங்க. இவங்ககிட்ட கேட்டா ஊட்டி. என் வாயால சொன்னா ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க பரத். மொட்டைக் கடிதாசியைத்தான் நம்பறாங்க.”

“மேடம், நீங்க எழுதினதுன்னா புகார் செல்லும்” என்றாள் டீனா மெதுவாக. “பலகையை இறக்கணும். ஆறு மணிக்கு…”

“இறக்கும்மா. அது வாசல்ல மாட்டியிருக்கிற வரைக்கும் இவர் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க மாட்டார். இவங்களும் குடைக்குள்ளேதான் உக்காந்திருக்கணும்.”

ஆஞ்சலா அவசரமாகக் குடையைக் காலால் உள்ளே தள்ளினாள்.

“நூற்று நாற்பது பில்டிங் கட்டினவங்க நீங்க” என்றான் பரத். அழுதுவிடுவான்போல் இருந்தது. “அப்படி என்ன தப்பு மேடம் பெருசா நடந்திருக்கும்?”

பாகீரதி கண்ணாடிச் சுவர்ப் பக்கம் போனார். வெயில் முகத்தில் அறைந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டே பேசினார்.

“எதிர் பில்டிங்கைத் திட்டாதீங்க, பாவம். வரைபடம் தாளுக்குள்ள அடங்கலை. கால் சுற்று திருப்பி வச்சேன். வடக்கு அம்புக்குறியைத் திருப்ப மறந்துட்டேன். வெயிலே படாதுன்னு கணக்குப் போட்டு, வடக்குப் பக்கம்னு நான் முழுக்கக் கண்ணாடி வச்ச இந்தச் சுவர், மேற்கு.”